உப்புக் காற்றுக்கு எந்தக் காஸ் ஹீட்டர்? பைலட், பற்றரி, கரண்ட்: ஓர் ஒப்பீடு

உப்புவெளியில் என் பெரியம்மாவின் மகள் நாலு அறைகளோடு ஒரு சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறார். சித்திரை மாதம், சீசன் தொடங்குவதற்கு முன்னால், என்னைக் கூப்பிட்டுப் பின்சுவரைக் காட்டினார்.

"தம்பி, இந்தச் சுவரில ஒரு காஸ் ஹீட்டர் பூட்ட வேணும். கடையில மூண்டு வகை காட்டினவங்கள். ஒண்டுக்குள்ள எப்பவும் ஒரு சின்ன நெருப்பு எரிஞ்சுகொண்டே இருக்குமாம். ஒண்டுக்குப் பற்றரியாம். மற்றதுக்குக் கரண்ட் வேணுமாம். எது நல்லது எண்டு நீயே சொல்லு."

நான் திருகோணமலையில் காஸ் அடுப்பு, ஹீட்டர் திருத்துகிற வேலை செய்பவன். ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் தங்க வருகிறவர்களுக்கு ஹீட்டர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. பைப்பைத் திறந்தால் சுடுதண்ணீர் வரும் என்று நம்பி நிற்பார்கள். அவர்களின் உயிர் வீட்டுக்காரரின் பொறுப்பு, பூட்டிக் கொடுக்கிறவனின் பொறுப்பும்தான். அதனால் முற்றத்தில் கதிரை போட்டு இருந்து ஒவ்வொன்றாகப் பேசினோம். நிலாவெளியிலும் அலஸ்தோட்டத்திலும் இதே யோசனையில் பலர் இருப்பதால் அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. நம் ஊரில் கிணற்றுத் தண்ணீரே 28 பாகைக்குக் கிட்ட இருக்கும். குளிக்க 40 பாகை போதும். கன்னியாவில் ஏழு கிணறுகளிலும் அள்ளி ஊற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், உடம்புச் சூட்டுக்குக் கிட்டவான தண்ணீரே எவ்வளவு இதமாக இருக்கிறது என்று. ஆகவே இங்கே ஹீட்டர் தண்ணீரை 12 பாகைதான் உயர்த்த வேண்டும். நுவரெலியாவில் ஹீட்டர் படுகிற பாட்டில் பாதிகூட இல்லை. இந்த 12 பாகை என்ற எண் பிறகும் வரும், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர்கள் மூன்று வகை என்று சொல்வது எப்படிப் பற்றுகிறது என்பதை வைத்து. வாங்குகிறவர்களும் அதையேதான் கேட்கிறார்கள்: தீக்குச்சி வேண்டுமா, தானாகப் பற்றுமா? என்னைக் கேட்டால், அது வசதி பற்றிய கேள்வி. ஹீட்டருக்குள் அதைவிடப் பெரிய வேலை ஒன்று இருக்கிறது. எரிந்துகொண்டிருக்கிற நெருப்பு காற்றில் அணைந்துபோனால், அதை அறிந்து காஸை மூடுவது யார்? பற்ற வைக்கிற பாகம் வேறு, காவல் காக்கிற பாகம் வேறு. விசைக் குமிழை அமத்தினால் 'டிக்' என்று பொறி பறக்கும் அடுப்பு எல்லா வீட்டிலும் இருக்கிறதே, அதில் ஒரு சின்னப் படிகத்தைச் சுத்தியல் போல ஒன்று அடிக்கிறது. அந்த அடியில் ஆயிரக்கணக்கான வோல்ட் பிறக்கிறது. 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்த விஷயம் அது. பற்றரி வேண்டாம், கரண்ட் வேண்டாம், அருமையான பாகம். ஆனால் பொறியைப் போட்டுவிட்டால் அதன் வேலை முடிந்தது. நெருப்பு எரிகிறதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

காவல் ஏன் அவ்வளவு முக்கியம்? நம் நாட்டில் குழாய்வழி இயற்கை வாயு கிடையாது. எல்லாமே சிலிண்டரில் வருகிற எல்.பி. காஸ். அதிலுள்ள புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பாரம், பியூட்டேன் இரண்டு மடங்கு. கசிந்தால் மேலே எழும்பிப் போகாது. தரையோடு ஊர்ந்து, கான் இருந்தால் கானுக்குள் இறங்கிக் கிடக்கும். காற்றில் 2 சதவீதம் கலந்தாலே பற்றும். ஒரு கிலோ, ஒன்றேகால் கிலோ காஸ் ஆவியாகி நன்றாகக் கலந்தால் பத்தடிக்குப் பத்தடி அறை ஒன்றை முழுவதும் பற்றக்கூடியதாக மாற்றப் போதும். சின்ன ஹீட்டர் ஒன்று முழு வேகத்தில் எரியும்போது மணித்தியாலத்துக்கு ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகக் காஸ் எடுக்கும். நெருப்பு அணைந்து காஸ் மட்டும் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. 2021 கார்த்திகை, மார்கழியில் நாடெங்கும் காஸ் அடுப்புகள் வெடித்த செய்திகள் வந்தபோது எங்கள் சனம் சிலிண்டரைத் தூக்கி முற்றத்தில் வைத்துவிட்டு விறகுக்குப் போனதை நான் மறக்கவில்லை. அந்தப் பயம் நியாயமானது.

அதனால் ஒவ்வொரு வகையையும் பார்க்கும்போது நான் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: இது பழுதானால் எந்தப் பக்கம் விழும்? காஸை மூடுகிற பக்கமா, திறந்து வைக்கிற பக்கமா?

காவலே இல்லாத ஏற்பாட்டை இங்கேயே தள்ளிவிடுகிறேன். சமையல்கட்டுப் பெரிய பர்னரில் அண்டாவை வைத்துச் சுடவைத்து, பைப்பில் விடுகிற ஏற்பாடுகளைச் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் நிற்கும் வரைதான் அது சரி. விருந்தினர் தங்கும் வீட்டுக்கு வேண்டாம்.

சரி, பைலட் வகைக்கு வருவோம்.

இதில் பர்னருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சுடர் எந்த நேரமும் எரியும். தண்ணீர் ஓடத் தொடங்கியதும் பெரிய பர்னருக்குக் காஸ் வரும், சுடரிலிருந்து பற்றும். காவலுக்குத் தெர்மோகப்பிள். பென்சில் முனை அளவில் ஒரு உலோக முனை சுடருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்த இடத்தைச் சூடாக்கினால் மின்சாரம் பிறக்கும் என்பது 1821இல் சீபெக் கண்டது. அப்படிப் பிறப்பது 25, 30 மில்லிவோல்ட்தான். டோர்ச் பற்றரியின் ஐம்பதில் ஒரு பங்கு. அந்தச் சொற்ப மின்சாரத்துக்கு வால்வைத் திறக்கிற பலம் இல்லை. நாம் கையால் குமிழை அமத்தித் திறந்து வைத்தால், அப்படியே பிடித்து வைத்திருக்க மட்டும் அதனால் முடியும். அதனால்தான் பைலட்டைப் பற்ற வைத்த பிறகும் இருபது, முப்பது விநாடி குமிழை விடாமல் அமத்திக்கொண்டு நிற்கிறோம். முனை சூடேற வேண்டும்.

சுடர் அணைந்தால் முனை ஆறும், மின்சாரம் நிற்கும், காந்தம் விடும், ஸ்பிரிங் வால்வை மூடும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முனை உடைந்தாலும், வயர் அறுந்தாலும், தொடுமுனையில் களிம்பு பிடித்தாலும் முடிவு ஒன்றே: மின்சாரம் குறையும், வால்வு மூடும். மூடுகிற பக்கமே விழுகிறது. இந்த எளிமைக்காக நான் இதை மதிக்கிறேன். வெளியிலிருந்து ஒரு சொட்டு மின்சாரமும் வேண்டாம். 2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தபோதும் இவை தம் பாட்டில் வேலை செய்தன. காஸ் கிடைத்தவர்களுக்கு, அதுவும் உண்மை.

நம் ஊரில் இதற்கு வருகிற வியாதி பெரும்பாலும் ஒன்றுதான். "பைலட் பற்றுது, கையை எடுத்தா அணையுது" என்று கூப்பிடுவார்கள். போய், வால்வின் பின்பக்கம் தெர்மோகப்பிள் பூட்டியிருக்கிற சின்ன நட்டைக் கழற்றிப் பார்த்தால், செம்பு வயரின் நுனியில் பச்சையாகக் களிம்பு படிந்திருக்கும். கடற்காற்றின் உப்பு. 30 மில்லிவோல்ட் என்பது அந்த மெல்லிய படலத்தைக்கூடத் தாண்ட முடியாத அளவு சொற்பம். துணியால் துடைத்து, மிக மென்மையான சாண்ட் பேப்பரால் ஒரு சுற்றுச் சுற்றி, நட்டை விரலால் இறுக்கி, பிறகு சாவியால் கால் சுற்று மட்டும் கொடுத்தால் பிடித்துக்கொள்ளும். அதிகம் இறுக்கினால் உள்ளே இருக்கிற காப்புத் துண்டு நசிந்து புதிது வாங்க வேண்டி வரும். இன்னொரு வியாதி சிலந்தி. பைலட்டின் காற்றுத் துளைக்குள் வலை பின்னிவிடும். சுடர் மஞ்சளாகித் தளர்ந்து, தெர்மோகப்பிளைத் தொடாமல் ஆடும்.

குறை இரண்டு. முதலாவது, தாமதம். முனை ஆறும் வரை வால்வு மூடாது. நல்ல நிலையில் உள்ளது அரை நிமிடத்தில் மூடும், ஒரு நிமிடம் வரையும் இழுக்கலாம். அந்த நேரத்தில் பெரிய பர்னரும் திறந்திருந்தால் கொஞ்சம் காஸ் சேரும். திறந்த வெளியில் அது கலைந்து போகும். ஆனால் சேர்ந்த காஸ் போகுமுன் மறுபடி பற்ற வைக்கக் கூடாது. வேலை பழகிய காலத்தில் அவசரப்பட்டு அப்படிச் செய்து, முகத்துக்கு நேரே 'புப்' என்று எழும்பிய நெருப்பில் என் புருவமும் முன்மயிரும் கருகின. அன்றிலிருந்து ஐந்து நிமிடம் காத்திருக்காமல் எந்தப் பைலட்டையும் நான் திரும்பப் பற்ற வைத்ததில்லை.

இரண்டாவது குறை காஸ் செலவு, இதில்தான் அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். பைலட் சுடர் 200 வாட்ஸ் அளவுக்கு எரிகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த வகைக்கு அது சாதாரண அளவு. 24 மணித்தியாலத்தில் 4.8 யூனிட் வெப்பம். ஒரு கிலோ காஸில் 13 யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாக வெப்பம் இருக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 375 கிராம் அளவு காஸ் சும்மா எரிகிறது. 12.5 கிலோ சிலிண்டர் ஒன்று 33 நாளில் காலி, ஒருவரும் குளிக்காமலே. இனி அந்த 12 பாகையை எடுங்கள். ஒருவர் எட்டு நிமிடம் குளித்தால், நிமிடத்துக்கு 6 லீற்றர் கணக்கில், 48 லீற்றர் தண்ணீர். அதை 12 பாகை உயர்த்தத் தேவையான காஸ் 60 கிராம் அளவுதான். பைலட் ஒரு நாளில் எரிக்கிற காஸில் ஆறு பேர் குளிக்கலாம். குளிர் ஊரில், தண்ணீரை அதிகம் சூடாக்க வேண்டிய இடத்தில், பைலட்டின் பங்கு பெரிதாகத் தெரியாது. நம் ஊரில் அது குளியலுக்குச் சரிசமமாக நிற்கிறது.

"அப்ப ஆக்கள் இல்லாத நாளில நிப்பாட்டி வைக்கலாம்தானே?" என்றார் அக்கா. வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது போய்க் குனிந்து, அமத்தி, எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும். இரவு பத்து மணிக்கு வந்து இறங்குகிற விருந்தினருக்காக அதை யார் செய்வார்கள்?

அடுத்தது பற்றரி வகை. இப்போது கடைகளில் அதிகம் தொங்குவது இதுதான்.

பெரிய பற்றரி இரண்டு, மொத்தம் 3 வோல்ட். தண்ணீர் ஓடினால் ஒரு ரப்பர்த் தகடு தள்ளுப்பட்டுச் சுவிட்சை அமத்தும். பொறி பறக்கத் தொடங்கும், காஸ் வால்வு திறக்கும், பர்னர் பற்றும். பைப்பை மூடினால் எல்லாம் நிற்கும். சும்மா எரிகிற சுடர் இல்லை.

காவல் காக்கிற விதம்தான் எனக்கு இதில் மிகப் பிடித்தது. பர்னருக்கு மேலே ஒரு மெல்லிய கம்பி, வெள்ளைப் பீங்கான் உறையோடு, சுவாலைக்குள் நீட்டியிருக்கும். நெருப்பு மின்சாரத்தைக் கடத்தும். அதற்குள் மின்னேற்றமுள்ள துணிக்கைகள் இருக்கின்றன. ஹீட்டரின் சர்க்கிட் அந்தக் கம்பிக்கு திசை மாறி மாறி ஓடுகிற ஆடலோட்ட மின்னழுத்தம் ஒன்றைக் கொடுக்கும். கம்பி சின்னது, பர்னர் பெரியது என்பதால் சுவாலை வழியாக ஒரு திசையில் மட்டும் மின்சாரம் நன்றாக ஓடும். ஓடுவது ஒரு சில மைக்ரோ அம்பியர். அது வருகிறவரை வால்வு திறந்திருக்கும். நின்றால், ஒன்றிரண்டு விநாடிக்குள் வால்வு மூடும். பற்ற வைக்கும்போதும் இதே கணக்கு: சில விநாடிக்குள் சுவாலை தெரியாவிட்டால் மூடிப் பூட்டிக்கொள்ளும். பைப்பை மூடித் திரும்பத் திறந்தால்தான் மறுபடி முயற்சிக்கும்.

கடலோர ஊருக்கு இதில் ஒரு விசேஷம் உண்டு. உப்பீரம் பீங்கான்மேல் படிந்தால் அதன் வழியாகவும் மின்சாரம் கசியலாம். சர்க்கிட் அதைச் சுவாலை என்று நினைத்து ஏமாறுமா? ஏமாறாது. உப்பீரத்தில் கசிகிற மின்சாரம் இரண்டு திசையிலும் ஒரே அளவாக ஓடும். சுவாலை மட்டும்தான் ஒரு பக்கமாக ஓடவிடும். அந்த வித்தியாசத்தைப் பார்த்துத்தான் சர்க்கிட் முடிவெடுக்கிறது. உப்பு படிந்தால் வருகிற தொல்லை வேறு விதம்: நெருப்பு எரிந்துகொண்டிருந்தாலும் சமிக்ஞை பலவீனமாகி, நல்ல ஹீட்டரே நடுவில் அணையும். தலையில் சோப்புடன் நிற்கிறவருக்குக் கோபம் வரும். ஆனால் ஆபத்து இல்லை. இதுவும் மூடுகிற பக்கமே விழுகிறது. பற்றரி செத்தாலும் அப்படியே. வால்வைத் திறந்து வைக்க மின்சாரம் இல்லாவிட்டால் ஸ்பிரிங் மூடிவிடும்.

பராமரிப்பு அதிகம், அதை மறைக்க மாட்டேன். திருக்கடலூர்ப் பக்கம் ஒரு வீட்டில், பொறி பறக்கிற சத்தம் கேட்டும் பற்றவில்லை என்று கூப்பிட்டார்கள். பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. பொழுதுபட்ட பிறகு முன்தகட்டைக் கழற்றிவிட்டு, காஸை மூடி, தண்ணீரை மட்டும் திறக்கச் சொன்னேன். நீலப் பொறி பர்னர்ப் பக்கம் போகவே இல்லை. பீங்கானில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. அதற்குள் உப்பு இறங்கியிருந்தது. பொறி அந்த வெடிப்பு வழியாகப் பின்னால் தகட்டுக்குத் தாவிக்கொண்டிருந்தது. மின்முனையை மாற்றி, நுனிக்கும் பர்னருக்கும் இடையே 4 மில்லிமீற்றர் விட்டுப் பூட்டினேன். முதல் பொறியிலேயே பற்றியது. பற்றும்போது 'டொப்' என்று சத்தம் வந்தால் பொறி தாமதமாகப் பிடிக்கிறது என்று அர்த்தம். பற்றரி பலவீனமாக இருக்கலாம், இடைவெளி மாறியிருக்கலாம். அந்தச் சத்தத்தைப் பழகிப்போன சத்தம் என்று விடக் கூடாது.

சுவாலைக் கம்பியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைக்க வேண்டும். பற்றரிப் பெட்டியின் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். மாரி காலத்தில் ஆட்கள் வராதபோது பற்றரியைக் கழற்றி வைக்க மறந்தால் அது கசிந்து தொடுமுனையை அரித்துவிடும். சர்க்கிட் போனால் இங்கே திருத்த முடியாது, முழுதாக மாற்ற வேண்டும். தெர்மோகப்பிள் போல மலிவு அல்ல.

கரண்ட் வகையை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அக்காவின் வீட்டுக்கு அது பொருந்தாது என்று எனக்கு முதலிலேயே தெரியும். சுவாலையை அறிகிற விதம் பற்றரி வகையைப் போன்றதே. கூடுதலாக ஒரு விசிறி இருக்கும். பற்றுவதற்கு முன் உள்ளே இருக்கிற காற்றை வெளியே தள்ளும், எரியும்போது புகையைக் குழாய் வழியாக அனுப்பும். விசிறி சுற்றவில்லை என்றால் காஸ் திறக்காது. தண்ணீர்ச் சூட்டைத் தானே அளந்து நெருப்பைக் கூட்டிக் குறைக்கும், அதனால் நம் 12 பாகைக்கு மிக நேர்த்தியாக வேலை செய்யும். பாதுகாப்பில் மூன்றிலும் இதுவே மேல், நேர்மையாகச் சொன்னால். ஆனால் கரண்ட் இல்லாவிட்டால் சுடுதண்ணீர் இல்லை. வீட்டு வயரிங்கில் எர்த் சரியில்லாவிட்டால் சுவாலைச் சமிக்ஞை குழம்பும். கடற்காற்றில் விசிறியும் சர்க்கிட்டும் சீக்கிரம் போகும். ஜெனரேட்டரும் முழுநேரத் தொழில்நுட்ப ஆளும் இருக்கிற நிலாவெளிப் பெரிய ஹோட்டல்களுக்கு இதைத்தான் சொல்வேன்.

பற்றவைப்பு, காவல் இரண்டும் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் காக்க முடியாத ஒன்று இருக்கிறது. அதை அக்காவிடம் மூன்று முறை சொன்னேன். சுவாலை அழகாக எரியும், காவல் கம்பி திருப்தியாக இருக்கும், ஆனால் அறைக்குள் ஒட்சிசன் குறையக் குறைய நெருப்பு காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவைக் கக்கும். மணமில்லை, நிறமில்லை. மூடின குளியலறைக்குள் காஸ் ஹீட்டர் வைத்து உயிர்கள் போயிருக்கின்றன. சில பைலட் ஹீட்டர்களில் ஒட்சிசன் குறைந்தால் சுடர் தெர்மோகப்பிளை விட்டு விலகி அணைகிற மாதிரி ஓர் ஏற்பாடு உண்டு. நல்லதுதான். ஆனால் அதை நம்பி உள்ளே பூட்டுகிறவன் நான் இல்லை. எந்த வகை என்றாலும் வெளிச்சுவர், மேலே வானம், பக்கத்தில் படுக்கையறை யன்னல் இல்லாத இடம்.

வெளிச்சுவர் என்றதும் காற்று வருகிறது. அக்கா காட்டிய பின்சுவர் மேற்குப் பார்த்தது. வைகாசி தொடக்கம் ஆவணி வரை, அதாவது அவருக்கு ஆட்கள் வருகிற அதே மாதங்களில், கச்சான் காற்று நிலப்பக்கமிருந்து நேரே அந்தச் சுவரில்தான் அடிக்கும். பைலட் என்றால் நாளுக்கு நாலு தடவை அணையும். பற்றரி வகை என்றால் சுவாலை சாய்ந்து கம்பியை விட்டு விலகும். கடல் பார்த்த முன்சுவரில் வைத்தால் ஐப்பசியிலிருந்து வாடைக்காற்று மழையோடு அடிக்கும், உப்பும் நேரே. சுற்றிப் பார்த்ததில் தெற்குப் பக்கம் கிடைத்தது. சமையலறை மூலை கச்சானை மறைக்கிறது, வீடே வாடையை மறைக்கிறது, மதில் வரை ஐந்தடி திறந்த வெளி. ஹீட்டரின் வகையைத் தெரிவு செய்ய நாங்கள் எடுத்த நேரத்தில் பாதி இந்தச் சுவரைத் தெரிவு செய்யப் போனது. அது வீண் போகவில்லை.

முடிவு பற்றரி வகை. நிமிடத்துக்கு 6 லீற்றர் அளவில் இரண்டு ஹீட்டர், இரண்டு அறைக்கு ஒன்று. பெரியதாக ஒன்று வாங்கியிருக்கலாம், ஆனால் பெரிய ஹீட்டரின் மிகக் குறைந்த நெருப்பே நம் வெதுவெதுப்பான தண்ணீருக்கு அதிகம். தண்ணீர் கொதிக்கிறது என்று விருந்தினர் பைப்பைக் குறைப்பார், ஓட்டம் போதாமல் சுவிட்ச் விடும், நெருப்பு அணையும், பிறகு ஹீட்டர் பழுது என்று குற்றம் வரும். சின்னது இரண்டு இருந்தால் ஒன்று படுத்தாலும் மற்றது நிற்கும்.

கடையில் நான் கூடவே போனேன். பெட்டியைத் திறந்து முதலில் பார்த்தது பக்கத்துத் தகட்டை. எல்.பி. காஸுக்கானது என்று எழுதியிருக்க வேண்டும், அழுத்தம் 2800 பாஸ்கல் என்று இருக்கும். 2000 பாஸ்கல் என்றிருந்தால் அது இயற்கை வாயுவுக்குச் செய்தது. அதன் துளைகள் பெரியவை. நம் சிலிண்டரில் பூட்டினால் நெருப்பு மஞ்சளாக நீண்டு கரி கக்கும். அப்படி ஒன்றை ஒரு கடையில் மலிவு விலை என்று வாங்கிவந்த ஒருவருக்கு, நான் போய்ப் பார்த்தபோது வெப்பப் பெட்டி முழுவதும் கரி அடைத்திருந்தது. எந்தக் காவல் கம்பியும் அதைத் தடுக்கவில்லை, ஏனென்றால் அதற்குத் தேவையான சுவாலை அங்கே இருந்ததே.

அப்புறம் தண்ணீர்த் தாங்கியை ஓர் அடுக்கு உயர்த்தினோம். ஹீட்டர் சுவிட்ச் விழ, தாங்கிக்கும் ஹீட்டருக்கும் இடையே இரண்டரை, மூன்று மீற்றர் உயரமாவது வேண்டும். சிலிண்டர் கானிலிருந்து தள்ளி நிற்கிறது. வெயிலில் வெடிக்கிற ரப்பர் ஹோஸுக்குப் பதிலாகச் செம்புக் குழாய்.

பூட்டி முடித்த அன்று பின்னேரம் அக்காவையே சோதனை செய்யச் சொன்னேன். குளியலறைப் பைப்பைத் திறந்து ஹீட்டரை எரியவிட்டு, சிலிண்டரின் வால்வை அவர் மூடினார். குழாயில் மிச்சமிருந்த காஸ் எரிந்து சுவாலை சுருங்கி அணைந்தது. 'டிக் டிக் டிக்' என்று பொறி ஒன்றிரண்டு விநாடி தேடியது, நின்றது. வால்வு மூடுகிற மெல்லிய சத்தம். இனிச் சிலிண்டரைத் திறக்கச் சொன்னேன். அவர் தயங்கி என்னைப் பார்த்தார். "திறவுங்கோ அக்கா, ஹீட்டர் பூட்டிக்கொண்டிட்டுது, காஸ் வராது." திறந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது, நெருப்பு இல்லை, சத்தம் இல்லை. பர்னருக்குக் கீழே குனிந்து மோந்து பார்த்தார். மணம் இல்லை. பைப்பை மூடித் திரும்பத் திறந்ததும் ஒரே பொறியில் நீலமாகப் பற்றியது.

இரண்டாவது ஹீட்டரை அவர் தனியாகச் சோதித்தார். விநாடிகளை வாய்விட்டு எண்ணினார். கார்த்திகையில் பற்றரியைக் கழற்றுகிற திகதியையும், இதே சோதனையை மறுபடி செய்கிற திகதியையும் சமையலறைக் கலண்டரில் குறித்துவிட்டு, எனக்குத் தேத்தண்ணி போடப் போனார்.